பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும்

பூவரசனுக்கு வலது காது போனதில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதை அவனிடம் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்து மாதமாக அலைந்தேன். அவன் வீட்டு வாசல் வரைக்கும் போவேன். "வாடா மாதப்பா, டீ குடி" என்பான். குடித்துவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

கம்பைநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஆம்பிளிஃபயர் கடை. டிரான்ஸ்பார்மர் சுற்றி, போர்டு பொருத்தி, ஸ்பீக்கர் பெட்டி அடித்து நானே செட் கட்டிக் கொடுக்கிறவன். சுற்றுப்பட்டில் திருவிழா என்றாலும் காதுகுத்து என்றாலும் என் செட்தான் அலறும். "மாதப்பன் கட்டுன செட்டுல ஒரு குறை சொல்ல முடியாது" என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி எனக்குத் தலைக்கனம் ஏறிப்போய்விட்டது. இவ்வளவுக்கும் காரணம் அந்தத் தலைக்கனம்தான்.

பூவரசன் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். அரூர் டெப்போவில் டிரைவர். சித்தேரி மலைக்கு ஏறுகிற பஸ் அவனுடையது. நாளெல்லாம் அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவனுக்குச் சோறு அப்புறம், பாட்டு முதலில். புது வீடு கட்டியபோது ஹாலில் அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வைத்து ஹோம் தியேட்டர் கட்டிக் கொடுத்தேன். சப்வூஃபர் அடித்தால் சுகுணாவின் பாத்திர அலமாரி ஆடும். சுகுணா அவன் மனைவி. "பாட்டுப் போடறீங்களா, வூட்ட இடிக்கறீங்களா?" என்று கத்துவாள். அவன் சிரிப்பான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவனுக்கு யூடியூப் பைத்தியம் பிடித்தது. எவனோ ஒருவன் ஸ்டீரியோ பற்றி மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்கு வந்து நின்றான்.

"அஞ்சு பொட்டியும் கழட்டிருடா."

"ஏன்டா, நல்லாத்தான பாடுது?"

"படத்துக்கு அது சரி. பாட்டுக்கு எதுக்குடா? கச்சேரிக்குப் போனா எவனாச்சும் நம்ம முதுகுக்குப் பின்னாடி உக்காந்து பாடுவானா? ரெண்டே பொட்டி போதும். பாடறவரு நடுவுல நிக்கோணும். கண்ண மூடினா எதுக்க நிக்கற மாதிரி இருக்கோணும்."

எனக்கும் ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷம் இடிக்கிற செட்டாகவே கட்டியவன், இனிக்கிற செட் ஒன்று கட்டிப் பார்ப்போமே என்று இறங்கினேன். நல்ல கனமான பலகையில் இரண்டு பெட்டி. சத்தம் கூட்ட, குறைக்க ஒரு குமிழ் மட்டும் வைத்த ஆம்பிளிஃபயர். இடது வலதைச் சரிசெய்கிற பேலன்ஸ் குமிழே வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். "இடையில எதுவும் வரக்கூடாது, சுத்தமா இருக்கோணும்" என்றான். தரையில் டேப் ஒட்டி, பெட்டிக்கு ஓர் அடையாளம், நாற்காலிக்கு ஓர் அடையாளம் என்று முக்கோணம் போட்டான். அந்த நாற்காலியை யாரும் ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது. வீடு பெருக்க வருகிறபோதெல்லாம் சுகுணா அதைச் சுற்றிச் சுற்றிப் போவாள். "சாமி உக்கார்ற பீடம் பாருங்கண்ணா" என்று என்னிடம் முகத்தை நொடிப்பாள்.

முதல் பாட்டு ஓடியது. பூவரசன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பிறகு கண்ணைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான்.

"நடுவுல நிக்கலடா. எடது பக்கமா ஒதுங்கி நிக்கறாரு. வலது பொட்டி கம்மியா இருக்குது."

நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்குக் குரல் நட்ட நடுவில் நின்றது. அதைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. இடது பெட்டியை வலதுக்கும் வலது பெட்டியை இடதுக்கும் மாற்றுவோம். குறையும் கூடவே இடம் மாறினால் பெட்டியில் கோளாறு. அங்கேயே நின்றால் ஆம்பிளிஃபயரில் கோளாறு. மாற்றினேன், குறை வலது பக்கமே நின்றது. ஆம்பிளிஃபயரில் வயரை மாற்றிப் போட்டேன். வலது பக்கமே நின்றது. போர்டையே புதிதாகப் போட்டேன். மீட்டர் வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் ஒரு நூல் பிசகவில்லை. அப்போதும் அவன், "வலது கம்மிடா" என்றான். வலது பக்கம் ஜன்னல் இருப்பதால் சத்தம் வெளியே போகிறது என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்து, தடித்த திரை வாங்கிப் போட்டான். ஒரு மாதம் இப்படியே போனது.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவன் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. அவனைத் திருப்பி உட்கார வைக்கவில்லை. பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காரடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'இப்ப எடது பொட்டி கம்மியா இருக்குது' என்று அவனே சொல்லியிருப்பான். அரை நிமிஷ வேலை. அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை, அதுதான் கொடுமை. 'இவனுக்குக் காதில் ஏதோ' என்று ஒரு நாள் மனசில் ஓடியது. ஆனால் கடைக்காரன் வந்தவனிடம் 'செட்டு சரியாத்தான் இருக்கு, உங்க காதுதான் சரியில்ல' என்று சொல்லக் கூடாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் முதல் நாள் சொன்னது அது. குறை சொன்னால் தலையாட்டு, ஏதாவது செய்து அனுப்பு. சிநேகிதனையும் நான் வாடிக்கையாளனாக்கிவிட்டேன்.

ஆம்பிளிஃபயரைக் கடைக்குத் தூக்கி வந்தேன். இடது பக்கத்துக்கு மட்டும் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டன்ஸ் வைத்துப் பற்றவைத்தேன். இடது பக்கத்துச் சத்தம் இறங்கியது. மூடி போட்டு, திருகு முடுக்கி, "சேனல்ல ஒரு கோளாறு இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் வைத்தேன்.

பூவரசன் கண்ணை மூடினான். அவன் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"வந்துட்டாருடா! நடுவுல வந்து நின்னுட்டாரு! டேய் மாதப்பா, நீ மனுஷனே இல்லடா!"

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்போது அவன் மகள் கலைமதி, ஒன்பதாவது படிக்கிறவள், நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எல்லாம் வலது பக்கமாத்தான கேக்குது, மாமா?" என்றாள்.

"உனக்கென்னடி தெரியும், போய்ப் படி" என்று அவளை எழுப்பி அனுப்பினேன். அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த வீட்டில் உண்மையைச் சொன்னது அந்தப் பிள்ளை ஒருத்திதான். அவள் வாயையும் நானே அடைத்தேன்.

பதினொரு மாதம். பதினொரு மாதம் அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பாட்டுக் கேட்டான். வலது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டான். "கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டத்தண்ணி வத்துது, காதப் போய்க் காட்டுங்க" என்று சுகுணா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? "செட்டுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்குது. காதுக்கு என்ன கேடு? பஸ்ஸு இரைச்சல்டி" என்றானாம். என் செட்டைச் சாட்சி வைத்தான். நான் பொய் சொல்ல வைத்த செட்டை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து, சித்தேரியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கும்போது தலை சுற்றி விழுந்தான். பிரஷராக இருக்கும் என்றார்கள். பிறகு கன்னம் மரத்துப்போகிறது என்றான். சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் காதுக்குப் பின்னால், மூளைக்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. நல்லவேளை, புற்றுநோய் இல்லை. ஆனால் காது நரம்பையும் முகத்து நரம்பையும் சுற்றி வளர்ந்துவிட்டது. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் சின்னதாக இருந்திருக்கும், காதைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சுகுணா போனில் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். நான் கடையில் நின்றபடி விரல்விட்டு மாதத்தை எண்ணினேன். பற்றவைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆபரேஷன் முடிந்து உயிரோடு வந்தான். அதுவே பெரிய புண்ணியம் என்றார்கள் எல்லோரும். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கண் மூடுவதில்லை. தூங்கும்போது சுகுணா மருந்து விட்டு, பஞ்சு வைத்து ஒட்டிவிடுவாள். இனி பஸ் ஓட்ட முடியாது, டெப்போவில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறோம் என்றார்கள். 'செவிடன் காதுல ஊதின சங்கு' என்பது என் வாயில் நாளுக்குப் பத்து முறை வரும். இப்போது யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே போன் செய்தான்.

"ஒரு வேல இருக்குதுடா. ரெண்டு பொட்டியில வர்றத ஒரே பொட்டிக்குக் கொண்டாந்து குடு. சில பாட்டுல வீணை வலது பக்கந்தான வரும்? அது எனக்கு வரமாட்டேங்குது."

போனேன். ஹாலில் நாற்காலி இல்லை. தலை சுற்றுகிறது என்று கட்டில் போட்டிருந்தார்கள். ஆம்பிளிஃபயர் மூடியைக் கழற்றியதும் அந்த ரெசிஸ்டன்ஸ் கண்ணில் பட்டது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்து இடது பெட்டிக்குக் கொடுத்து, அதைக் கட்டிலின் இடது பக்கம் வைத்தேன். வலது பெட்டியை ஒரு துணி போட்டு மூடி ஓரமாக நகர்த்தினேன்.

பாட்டு ஓடியது. பூவரசன் சுவரில் சாய்ந்து கேட்டான்.

"வீணை வருதுடா" என்றான். கோணிப்போன வாயால் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். உன் செட்டில் கோளாறே இல்லடா, எனக்கு நடுவில்தான் கேட்டது, உன் காதில்தான் ஏதோ என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை, இடது பக்கத்தைக் குறைத்துவிட்டு உன்னை ஏமாற்றினேன். மூச்சு விடாமல் சொன்னேன். பூவரசன் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

நிமிர்ந்தேன். சுகுணா டீ டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அவுருக்குக் கேக்கலைங்கண்ணா" என்றாள். "நீங்க உக்காந்திருக்கறது வலது பக்கம். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

தெரியாமல் உட்கார்ந்தேனா, தெரிந்தே உட்கார்ந்தேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது. சுகுணா பாட்டை நிறுத்தினாள். நான் எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனேன். பத்து அடிகூட இல்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா" என்றான். "காதப் போய்க் காட்டுடான்னு ஒரு வார்த்த. நீ சொன்னா நான் கேட்டிருப்பேனேடா. இவ சொல்லித்தான் கேக்கல. நீ சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்."

அவன் மெதுவாகச் சரிந்து இடது பக்கமாகப் படுத்துக்கொண்டான். நல்ல காது தலையணைக்குள் அமுங்கிப்போனது. மூட முடியாத வலது கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பூவரசா, மன்னிச்சிருடா" என்றேன். "டேய், என்னப் பாருடா. மன்னிச்சிருடா."

சுகுணா அங்கேயேதான் நின்றாள். இந்த முறை அவள் எதுவும் சொல்லவில்லை.