நடுப்படகு

மூன்றாவது சாட்டிலைட்டும் விழுந்துகொண்டிருந்தது. சகாதேவன் லேப்டாப்பின் மேல் குனிந்து, வேர்த்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, இன்ஜின் பட்டனை மறுபடியும் மறுபடியும் அழுத்தினான். எரிபொருள் தீர்ந்து போயிருந்தது. திரையில் சாம்பல் நிற நிலா பெரிதாகிக்கொண்டே வந்தது. குழிகள் தெரிந்தன. குழிக்குள் குழிகள் தெரிந்தன. அப்புறம் ஒரு சின்ன வெடிப்பு, அவ்வளவுதான்.

விளையாட்டுதான். காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது மகள் வித்யா பழைய லேப்டாப்பில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன ராக்கெட் விளையாட்டு. சும்மா உட்கார்ந்து பழையதையே நினைச்சிக்கினு இருக்காத நைனா, இத்த வெச்சி பொழுத ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு மாசத்தில் சகாதேவன் ராக்கெட் கட்டவும் மேலே ஏற்றவும் பழகிவிட்டான். இப்போது அவனுக்கு ஒரே ஒரு ஆசை. நிலாவின் முதுகுப் பக்கத்தில் ஆளில்லாத வண்டி ஒன்றை இறக்க வேண்டும். ஆனால் முதுகுப் பக்கம் போன வண்டிக்கு நாம் சொல்வது கேட்காது. நிலா நடுவில் மறைத்துக்கொள்ளும். திரையின் மூலையில் 'நோ சிக்னல்' என்று சிவப்பாக வரும். வண்டி செவிட்டு மாடு மாதிரி தன் போக்கில் போய் மோதிக்கொள்ளும். அதற்குத்தான் நிலாவைச் சுற்றி மூன்று சாட்டிலைட் வேண்டும். பூமி சொல்வதை ஒன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், அது வண்டிக்குக் கொடுக்கும்.

விஷயம் கேட்டதுமே சகாதேவனுக்குப் புரிந்துவிட்டது. இது நடுப்படகு. இதைப் போய் இங்கிலீஷில் என்னவோ பேர் வைத்திருக்கிறார்கள்.

புரிந்ததுதான் வினையாகப் போனது. நடுப்படகென்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அதனால் சாட்டிலைட்டைத் தனக்கு வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், இன்ஜினை எதிர்ப்பக்கம் திருப்பி, வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஜீரோவில் நிறுத்தினான். நின்றது. பீடி ஒன்றைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. மூன்று முறை இப்படி.

"இன்னாய்யா, வுயுந்துட்ச்சா?" என்றாள் அமுதவல்லி. அவன் பெண்டாட்டி. வலைக்கூடத்துக்கு வெளியே மணலில் விரித்த வலைமேல் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவன் உச்சுக் கொட்டிய சத்தமே அவளுக்குப் போதும். "அக்கரையில படிச்சவன் அவ்ளோ பேர் சேந்து உட்றான். நீ குந்திகினு ஒண்டியா உட்டு உட்டு ஒடைக்கிற."

லைட்ஹவுஸ் குப்பத்தில் ராக்கெட் ஒன்றும் அதிசயமில்லை. குப்பத்தை ஒட்டிய ஏரிக்கு வடக்கே இருக்கும் தீவிலிருந்து விடுவார்கள். ஓட்டு வீட்டுப் பாத்திரம் எல்லாம் ஒருமுறை அதிரும். அன்றைக்குக் கடலுக்குப் போகாதே என்று முதல்நாளே சொல்லிவிடுவார்கள், வலை பின்னுவார்கள், தூங்குவார்கள்.

சகாதேவன் லேப்டாப்பைத் தள்ளிவைத்தான். எழுந்து வாசல்வரை போய்க் கடலைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வருஷமாகவே அவனால் ஒரு இடத்தில் கால்மணி நேரம் உட்கார முடிவதில்லை. தோள்வலி என்று சொல்லித்தான் கடலுக்குப் போவதை நிறுத்தினான். ஊரும் அதை நம்பியது. வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிழிசலுக்கு முடிச்சுப் போடுவதும், கரை வயர்லெஸ் செட்டைப் பார்த்துக்கொள்வதும் அவன் வேலை என்று ஆயிற்று.

செட்டு அவன் முழங்கை அருகே ஐஸ்பெட்டி மேல் இருந்தது. குப்பத்துப் படகுகள் ஆறேழு சேர்ந்து தூரம் போகும்போது, கடைசிப் படகு கூப்பிட்டால் கரைக்குக் கேட்காது. செல்போனும் எடுக்காது. அதனால் ஒரு படகு நடுவில் நிற்கும். முறை வைத்து, இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். நடுப்படகுக்கு மீன் கம்மி, ஆனால் பங்கு சமம். இன்ஜினை அணைக்காமல், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் இடத்தில் நிற்க முடியும். அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். அவர் இப்படிச் சொல்கிறார், இவர் அப்படிக் கேட்கிறார் என்று தன் பேச்சைக் கலக்கக் கூடாது. 'நான்' என்றால் 'நான்'தான். குப்பத்துக்காரன் கேசவன் ஒருமுறை நடுவில் நின்றபோது, தூரத்துப் படகுக்காரன் ஒருவன் காலையில் பெண்டாட்டியிடம் போட்ட சண்டைக்கு சமாதானம் சொல்ல, கேசவன் அதை வாங்கி, "நான் பேசனது தப்புதான் கண்ணு, கோச்சிக்காத" என்று கரைக்குச் சொல்லித் தொலைத்தான். குப்பத்துப் பெண்கள் ஒரு மாசம் அவனைக் கண்ணு, கண்ணு என்றே கூப்பிட்டார்கள்.

அந்த நடுப்படகில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாசம், சகாதேவனின் தம்பி தாமோதரன், ஊருக்குத் தாமு, நின்றான். சகாதேவன் கடைசிப் படகு. கூட வேலைக்கு வந்த ஆல்வின். மிதப்பு வலையை விரித்துவிட்டு இன்ஜினை அணைத்துப் படுத்தார்கள். விடியக்காலை வலையை இழுத்தால் மீன் மேல் மீன். இழுத்து முடித்து இன்ஜினைத் தட்டினால் எடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டான். பதில் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு பேட்டரி தீர்ந்தது. இரண்டு பகல், ஒரு ராத்திரி. பிடித்த மீன் காலடியில் அழுகி நாறியது. நெல்லூர்ப் பக்கத்து விசைப்படகு ஒன்று கண்டெடுத்துக் கொண்டுவந்து விட்டது.

உதடு வெடித்து, நிற்க முடியாமல் நின்றுகொண்டு ஊர்ப் பஞ்சாயத்தில் சகாதேவன் இரண்டே வார்த்தை சொன்னான். "நடுப்படகு போயிட்ச்சி."

தாமோதரன் மறுத்தான். இன்ஜின அணைக்கவே இல்ல, எடத்த உடவே இல்ல, அண்ணனத்தான் நீரு இய்த்துகினு போயிருக்கும் என்றான். செத்துப் பிழைத்து வந்தவன் பேச்சை விட்டுவிட்டு யார் இதைக் கேட்பார்கள்? ஆல்வினும் சகாதேவன் சொன்னதையே சொன்னான். அவன் பிறகு துறைமுக வேலைக்குப் போய்விட்டான். ஊர்ப் பெரியவர் சடையன் தீர்ப்புச் சொன்னார். தாமோதரன் படகைக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. அவன் பேச்சை எந்தப் படகும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. மூன்று வருஷம். அதிலிருந்து தாமோதரன் ஒண்டியாகப் போகிறான், ஒண்டியாக வருகிறான். எதிரெதிர் வீடு. வாசலில் பார்த்தால் ஒருவன் உள்ளே போய்விடுவான்.

பத்து மணி வாக்கில் வித்யா போன் செய்தாள். அவன் சாட்டிலைட் விழுந்த கதையைச் சொல்லவும் சிரித்தாள்.

"நைனா, அத்த ஏன் நிறுத்துன? நிறுத்துனா வுயுந்துடும். ஓடிகினே இருந்தாத்தான் அது அங்க நிக்கும்."

"தெரியும், தெரியும்" என்றான் எரிச்சலோடு. உண்மையில் தெரியும். நடுப்படகு அப்படித்தானே நிற்கிறது. எப்படி இதை மறந்தான் என்று அவனுக்கே விளங்கவில்லை.

மூன்றையும் மறுபடி அனுப்பினான். இந்தமுறை நிறுத்தவில்லை, ஓடவிட்டான். மூன்றும் நிலாவைச் சுற்றி முக்கோணமாக நின்றன. அவற்றுக்கிடையே பச்சைக் கோடுகள் விழுந்தன. வண்டிவரை கோடு போயிற்று. நன்றாக இருக்கிறதா பார்க்கலாம் என்று காலத்தை வேகமாக ஓட்டும் பட்டனை அழுத்தினான். ஒரு நிமிஷத்தில் பத்து நாள் ஓடியது, இருபது நாள் ஓடியது. ஒரு சாட்டிலைட் கொஞ்சம் கொஞ்சமாக இன்னொன்றின் பக்கம் நகர்ந்தது. பிறகு இரண்டும் மூன்றாவதன் பக்கம். கடைசியில் மூன்றும் ஒரே பக்கத்தில் கொத்தாகச் சேர்ந்துகொண்டன. 'நோ சிக்னல்.'

எது போயிற்று என்று கண்டுபிடிக்க நினைத்தான். முதல் சாட்டிலைட்டின்மேல் கர்சரை வைத்துத் தட்டினான். அது திரையின் நடுவுக்கு வந்து அசையாமல் நின்றது. மற்ற இரண்டும் விலகிப் போய்க்கொண்டிருந்தன. அப்படியென்றால் அவைதான் போனவை. இரண்டாவதைத் தட்டினான். இப்போது அது நின்றது, முதலாவது போயிற்று. மூன்றாவதைத் தட்டினான். எதைத் தொட்டாலும் அது நின்றது, மற்றதெல்லாம் ஓடியது. சகாதேவன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

மிதப்பு வலை தண்ணீரோடு போகும். வலையோடு கட்டிய படகு வலையோடு போகும். தண்ணீர், வலை, படகு மூன்றும் சேர்ந்து போகும்போது படகில் படுத்திருப்பவனுக்கு நிற்கிற மாதிரியேதான் இருக்கும். கயிறு தளர்ந்தே கிடக்கும். இதைப் பத்து வயதிலிருந்து அறிவான். அதனால்தான் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து ஜிபிஎஸ்ஸைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்தானா? விடியக்காலை ஒருமுறை பார்த்தான். படகு இருக்கும் இடத்தின் எண் அதில் தெரிந்தது. ரொம்ப வடக்கே வந்துவிட்டிருந்தது. ஆனால் வலை அப்போது மீனோடு கனத்துக் கிடந்தது. முதலில் இழுத்துவிடலாம், பிறகு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான். ஆல்வினிடம் சொல்லவில்லை.

அந்த எண்ணை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் வெயிலில் கிடந்தபோது முதலில் தம்பியைத் திட்டினான். திட்டத் திட்ட அது உண்மையாகவே ஆகிவிட்டது. கரையில் வந்து சொன்னபோது பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அவனுக்கு இல்லை. பொய்யே இல்லையென்றால் இந்தக் கால் ஏன் இப்படி ஆடுகிறது என்று இப்போது தோன்றியது.

வெளியே அமுதவல்லி அவசரமாகக் கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். காற்று மாறியிருந்தது. காய்ந்த மீன் செதில்கள் மணலில் உருண்டன. "கொண்டல் எயும்புது" என்றாள். கிழக்கிலிருந்து வரும் மழைக்காற்று அது. பிறகு யாரிடமோ சொல்வது போல, எதிர்வீட்டுக்காரி கரையிலேயே நிற்கிறாள், சோறு கூட ஆக்கவில்லை என்றாள்.

செட்டு கரகரத்தது. இன்றைக்கு நடுவில் கேசவன்.

"கரை, கரை. அண்ணே, கூட்டம் எல்லாம் வலைய இய்த்தாச்சி. திரும்பறோம்."

"சரி" என்றான் சகாதேவன்.

கேசவன் பட்டனை விடவில்லை. மூச்சு கேட்டது. "அண்ணே, இன்னொரு கொரல் கேக்குது. தாமுது. எங்களுக்கும் கெயக்க கீறான். இன்ஜின் பொகையுதாம், உட்டு உட்டு ஓடுதாம். கரை, கரைனு கூப்ட்டுகினே கீறான்." குரலைத் தாழ்த்தினான். "அவன் பேச்ச வாங்கிக் குடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு கீது. சடையன் மாமா செட்டும் கேட்டுகினு இருக்கும். இன்னா பண்றது, சொல்லு."

தாமோதரனுக்குத் தெரியும், யாரும் வாங்கிக் கொடுக்க மாட்டார்கள் என்று. இருந்தும் கரையைக் கூப்பிடுகிறான். கரையில் இருப்பது யார் என்றும் அவனுக்குத் தெரியும்.

சகாதேவன் மைக்கைக் கையில் எடுத்தான். வைத்துவிட்டு எழுந்தான். வாசலுக்குப் போனான். தண்ணீர் ஓரத்தில் தம்பி பெண்டாட்டி பானுப்ரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். வடக்குப் பக்கம் பார்க்கவில்லை, தெற்குப் பக்கம் பார்க்கவில்லை, நேராகக் கிழக்கே. அமுதவல்லி கூடையை இடுப்பில் வைத்தபடி சகாதேவனைப் பார்த்தாள். இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள். இப்போது கூடையை மட்டும் கீழே வைத்தாள்.

கேசவனிடம் வாங்கிக் கொடு என்று சொன்னால் போதும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் போதும். ஆபத்தென்றால் சடையன்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். படகு வந்துவிடும். நாளைக்கு எதிரெதிர் வாசலில் நின்று மறுபடி ஆளுக்கொரு பக்கம் உள்ளே போகலாம். தாமோதரன் மறுபடி ஒண்டியாகப் போவான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். பட்டனை அழுத்தினான்.

"கேசவா, கரை பேசறேன். தாமுவுக்குச் சொல்லு. சொன்னத அப்டியே சொல்லணும்."

"சொல்லுண்ணே."

"அன்னைக்கி நடுப்படகு எடத்துலதான் இருந்துச்சி. நான்தான் போயிட்டேன். ஜிபிஎஸ்ல பாத்தேன். தெரிஞ்சேதான் வலைய இய்த்தேன்."

திரும்பிக்கொண்டிருக்கும் அத்தனை படகும் கேட்டிருக்கும். சடையன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருப்பார்.

"அண்ணே" என்றான் கேசவன், "இத்த நான்..."

"அப்டியே சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்துக் கேசவனின் குரல் வந்தது. கரையைப் பார்த்து அல்ல, கிழக்கே பார்த்து. காற்றில் அறுந்து அறுந்து, ஆனால் உரக்க, ஒரு வார்த்தை மாற்றாமல். "தாமு, தாமு. அன்னைக்கி நடுப்படகு எடத்துலதான் இருந்துச்சி. நான்தான் போயிட்டேன். ஜிபிஎஸ்ல பாத்தேன். தெரிஞ்சேதான்..." அந்த இடத்தை அவன் திரும்பச் சொன்னான், சொந்தத் தப்பைச் சொல்பவனைப் போல. "தெரிஞ்சேதான் வலைய இய்த்தேன்."

சகாதேவன் காத்திருந்தான். அமுதவல்லி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் சடையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் வேகவேகமாக வலைக்கூடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். என்ன சொல்ல வருகிறார் என்று முகம் தெரியவில்லை. லேப்டாப்பில் காலம் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த மறந்திருந்தான். கொத்தாகக் கிடந்த மூன்று புள்ளிகளில் ஒன்று விலகி நிலாவின் ஓரத்துக்கு வந்திருந்தது.

செட்டின் பச்சை விளக்கு எரிந்தது. யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பேச்சு வரவில்லை. இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் வந்தது, இரைந்து, அடங்கி, மறுபடி இரைந்து. கேசவனா, இல்லை தம்பியா? தம்பி என்றால், கரைக்கு நேரே கேட்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். சகாதேவன் மைக்கைத் தொடாமல் செட்டின் பக்கம் காதைக் கொண்டுபோனான். விளக்கு அணையவில்லை.