செலுத்தப்படாத வெள்ளி விமானம்

என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் எனக்குச் செலவு செய்ய முன்வந்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். அன்று விமான நிலையத்து அருங்காட்சியகத்தின் வாசலில், "அதுல என்னா இருக்கு மேரி, பழைய இரும்பு. வா, டீயும் வடையும் வாங்கித் தர்றேன்" என்றார்.

மகள் ஆஷ்லின் சிங்கப்பூருக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். அவளை உள்ளே அனுப்பியாயிற்று. விமானம் கிளம்பியது தெரியாமல் கீழ்வேளூருக்கு பஸ் ஏற மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். வெளியே வெயில் கொளுத்தியது. எதிரே அருங்காட்சியகம், ஏசி வேறு. அதற்குள் போவதில் இவருக்கு என்ன கஷ்டம்? டிக்கெட் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தேன்.

முதல் அறையில் தஞ்சாவூர் ஓவியங்கள். அடுத்ததில் யுத்த காலத்து விமானத் தளத்தின் புகைப்படங்கள், யாரோ ஒரு பைலட்டின் தொப்பி. கடைசி அறையில் வெளிநாடு போய்வந்தவர்கள் கொடுத்த சாமான்கள்: சூட்கேஸ், டேப் ரெக்கார்டர், கம்பளி. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளி விமானம்.

அது என் விமானம். வலது இறக்கை இடதைவிடச் சின்னது. என் கொலுசை உருக்கியதில் வெள்ளி போதவில்லை என்று பத்தர் கையை விரித்துவிட்டார். தொண்ணூற்றாறில் இவருக்கு சார்ஜா வேலை கிடைக்க வேண்டும் என்று மாதாவிடம் நான் நேர்ந்துகொண்டது. ஆஷ்லின் அப்போது வயிற்றில். டிக்கெட் கைக்கு வந்ததும் பம்பாய் மாதா கோயிலில் வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள் என்று கொடுத்தனுப்பினேன். வைத்துவிட்டதாகக் கடிதம் எழுதியிருந்தார்.

பெட்டிக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்தது: 'வெள்ளி விமானம், 1996. வளைகுடாப் பயணத்துக்காக நேர்ந்துகொண்டது. செலுத்தப்படவில்லை. கொடுத்தவர் பெயர் சொல்ல விரும்பவில்லை.'

கோயிலில் எவனோ கைவைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் செலுத்தப்படவில்லை என்பது திருடனுக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். இவர் பைலட்டின் தொப்பியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அங்கே வேலை பார்க்கும் சாஜிதா என்ற பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "வாங்க சார். நீங்க கொடுத்தத அம்மாவுக்குக் காட்டக் கூட்டியாந்தீங்களா?"

மாதாவுக்கு நேர்ந்ததைச் செலுத்தாமல் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையை வானத்தில் ஏற்றி அனுப்புகிறோமே!

அந்தப் பெண் நகர்ந்ததும் கேட்டேன். "இருவத்திரண்டு வருஷமா இது எங்க இருந்துச்சு? எவ வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான். பத்தாயத்துல, நெல்லுக்கு அடியில. போன மாசம்தான் இங்க கொண்டாந்து குடுத்தேன்."

"ஏன் கோயில்ல வைக்கல?"

"நான் ஏறவே இல்ல மேரி" என்றார். "ஏஜென்ட் ஏமாத்திட்டு ஓடிட்டான். ரெண்டு வருஷமும் பம்பாயில ஓட்டல்லதான் தட்டு கழுவுனேன். சார்ஜா போறவங்க கையில கடுதாசியக் குடுத்து அங்கேருந்து போடச் சொன்னேன்."

ஏறவில்லை என்றால் நேர்த்தியும் பாக்கியில்லை. ஆஷ்லினுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணமே பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எங்கள் வீட்டுக்கே சார்ஜாக்காரர் வீடு என்று பெயர். அவர் கொண்டுவந்த சோப்பில் ரூபாயில் விலை போட்டிருந்ததைப் பார்த்தும், அங்கேயும் நம் சோப்பு விற்கிறார்கள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்ட மடச்சி நான்.

"கோயில்ல வச்சுட்டுப் பேசாம இருந்திருக்கலாமே? யாரு கேட்கப் போறா?"

"ஏறாம எப்படி வைக்கிறது? மாதாகிட்டப் போயி பொய் சொல்லச் சொல்றியா?"

"எங்கிட்ட மட்டும் பொய் சொல்லலாமா?"

"நீ ஊரு பூரா சொல்லிட்ட மேரி. அவ்வளவு சந்தோஷமா இருந்த" என்றார்.

எனக்கு அழுகையாக வந்தது. அவரை அறையவும் கை பரபரத்தது.

அந்த நேரம் பார்த்து ஆஷ்லின் போன் செய்தாள். "அம்மா, சீட்டுல உக்காந்துட்டேன். பயமா இருக்கு. மேல போகயில காது அடைக்குமாமே? அப்பாகிட்டக் குடுங்க, அவங்களுக்கு அடைச்சப்ப என்ன பண்ணாங்கன்னு கேக்கணும்."

போனை அவரிடம் நீட்டினேன். காதில் வைத்துக்கொண்டார். அவள் கேட்பது எனக்கும் கேட்டது. இவர் வாயைத் திறந்தார், ஒரு சொல் வரவில்லை. என்னையே பார்த்தார். அந்தப் பக்கம் பிள்ளை "அப்பா? அப்பா?" என்றாள்.

போனைப் பிடுங்கினேன். கோபம் கொஞ்சமும் தணியவில்லை.

"புளிப்பு மிட்டாய் ஒண்ண வாயில போட்டுக்கடி" என்றேன். "சார்ஜாவுக்குப் போகயில உங்கப்பா அப்படித்தான் செஞ்சாராம்."