அம்மா என்று கூப்பிடக் கூடாது

"டீச்சருக்கு எந்த அழுகை வேணும்?" என்று கேட்டாள் விலாசினி சேச்சி. நாங்கள் கொடுத்த ஆஸ்பத்திரி கவுனைப் போட்டுக்கொண்டு பயிற்சி அறைக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டு அழ வேண்டுமா, கண்ணீர் மட்டும் போதுமா, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரியா, மைக் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். இருபத்தைந்து வருடம் நாடகக் கம்பெனிகளோடு வண்டியில் அலைந்தவள். ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் கோயில் திருவிழாவும் இல்லை, சர்ச்சுப் பெருநாளும் இல்லை, நாடகமும் இல்லை என்பதால்தான் எங்கள் நர்சிங் கல்லூரிக்குப் பிரசவமான பெண்ணாக நடிக்க வந்தாள். நாற்பத்தெட்டு வயதில் பிரசவமா என்று நானே தயங்கியபோது, அறுபது வயது நடிகருக்குத் தான் அம்மாவாக நடித்ததை ஊர் ஏற்றுக்கொண்டது, உங்கள் பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார்களா என்று மடக்கிவிட்டாள். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக வைத்துக்கொண்டோம்.

அழவே வேண்டாம் என்றேன். ஒவ்வொரு மாணவியிடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் மௌனம், ஒரே இடத்தில் ஒரே கேள்வி. அப்போதுதான் கணக்குச் சரியாக வரும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எதிரில் நிற்கிறவள் எப்படிப் பேசுகிறாளோ அப்படித்தானே நான் பேச முடியும் என்றாள். இது நாடகம் இல்லை சேச்சி, ஆராய்ச்சி என்றேன். ஆராய்ச்சி என்றால் ரசம் இருக்காது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். வயிற்றிலேயே குழந்தை இறந்துபோன பெண்ணிடம் நர்ஸ் எப்படிப் பேசுவது? எப்படியாவது பேசுகிறோமா என்றால் அதுவும் இல்லை, ஓடிவிடுகிறோம். மருந்து கொடுக்கப் போகிறவள் தரையைப் பார்த்துக்கொண்டே போய்த் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்புவாள். டாக்டர்களும் அப்படித்தான். அந்த அறைக்கு முன்னால் வந்ததும் எல்லாருக்கும் எங்கிருந்தோ ஒரு அவசர வேலை வந்துவிடும். மூன்றாம் வருட மாணவிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான பாடம், பாதிப் பேருக்கு நடித்துப் பார்க்கிற பயிற்சி என்று பிரித்து, இரண்டு தரப்பையும் விலாசினி சேச்சியின் கட்டிலுக்கு அனுப்பி, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நானும் கூட வேலை பார்க்கிற நிர்மலா டீச்சரும் உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். பயிற்சி பெற்றவர்கள் நன்றாகச் செய்ய வேண்டும் என்று நான் மாதாவிடம் மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சியில் முதல் பாடமே, பெயர் சொல்லிக் கூப்பிடு, அம்மா என்று கூப்பிடாதே என்பதுதான். எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியின் பிரசவ மாடியில் எல்லாரும் அம்மா. பத்தொன்பது வயதில் முதல் பிரசவத்துக்கு வந்து தன் அம்மாவைக் கேட்டு அழுகிறவளும் அம்மாதான். கூட்டிப் பெருக்குகிறவர் முதல் பெரிய டாக்டர் வரை அதே கூப்பாடு. அம்மா, தள்ளிப் படுங்க. அம்மா, கஞ்சி குடிச்சீங்களா. பெயரை ஞாபகம் வைக்க வேண்டிய சிரமம் இல்லை. ஆய்வுக்காக நான் பேட்டி கண்ட ஒரு பெண் சொன்னாள், குழந்தை போன மறுநாள் யாரோ அம்மா என்று கூப்பிட்டபோது பக்கத்துக் கட்டில்காரியைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த ஒரு சொல்லையாவது இந்த மாடியிலிருந்து ஒழித்துக் கட்டுவது என்று.

ஜிஸ்மி வந்தது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ. ஏலக்காய் மலையிலிருந்து வந்த பெண், கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. பயிற்சி பெற்ற தரப்பு, அதனால் என் கட்சி. உள்ளே வந்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கண்ணைப் பார்த்தாள். சபாஷ் என்று நினைத்தேன். உடனே, "அம்மா," என்றாள்.

நான் பேனாவைக் கீழே போட்டேன். விலாசினி சேச்சி அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஜிஸ்மியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கடைசி வரிசைக்குக் கேட்கிற அழுகை இல்லை அது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்கவில்லை. ஜிஸ்மியும் கற்றுக்கொடுத்ததையெல்லாம் மறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்து மணி அடித்தது. நிர்மலா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். மதிப்பெண் தாளின் முதல் வரியில் முட்டை போட்டேன்.

வெளியே வந்த விலாசினி சேச்சிக்குக் கோபமான கோபம். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வசனம் மறந்ததில்லை, இந்தப் பெண் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டாள், அடுத்த ஆளை அனுப்புவதற்குள் ஒரு சாயா வேண்டும் என்றாள். அப்படி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும், சொந்தமாக ஒன்று பெற்றிருந்தால் சொல்லலாம் என்று கையை விரித்துவிட்டாள். ஜிஸ்மி வராந்தாவில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"நாக்குல வந்துருச்சு டீச்சர்."

"அப்ப நாக்க ஹாஸ்டல்ல வச்சுட்டு வா."

"அப்புறம் எதால பேசறது டீச்சர்?"

சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. மேடையில் தப்புச் செய்தால் சாயா குடித்துவிட்டு மறுபடி நடிக்கலாம், வார்டில் அப்படி முடியாது, நான் சொல்கிற வரைக்கும் அந்த மாதிரி அறையில் நீ வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே அந்த மாதிரி ஒரு அறை வந்தது. ரஜிஷா என்று பெயர், முதல் பிரசவம், மாதம் நிறைகிற தறுவாயில் வயிற்றில் அசைவு இல்லை என்று வந்தாள். வலி வரவழைத்து விடியற்காலையில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. மூடின கண்ணும் குவிந்த வாயுமாக, தூங்குகிற குழந்தைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புருஷன் பிஜீஷ் டைல்ஸ் பதிக்கிறவன், வராந்தாக் கோடியில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நின்றபடியே இருந்தான். காரியங்களையெல்லாம் அவன் அண்ணன் சுரேந்திரன்தான் பார்த்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர்களும் முடிவு செய்திருந்தார்கள். பெற்றவளுக்குக் காட்டக் கூடாது, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாது, முகம் தெரியாவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள். வீட்டைச் சுற்றியுள்ள பறம்பின் ஓரத்தில் குழி வெட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு கைக்கு வந்ததும் குழந்தையைக் காரில் கொண்டுபோய்விடுவார்கள்.

சீக்கிரம் மறக்கிறதாவது! நான் பேட்டி கண்ட பெண்களில் ஒருத்திக்குப் பேரன் எடுக்கிற வயது. அவள் இன்னமும் பார்க்காத அந்த முகத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாயல் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கார் கிளம்பிவிட்டால் ரஜிஷாவுக்கும் அதுதான் கதி. ஆனால் நாங்கள் வற்புறுத்தக் கூடாது. கேட்கலாம். அவளே வேண்டும் என்று சொன்னால் யாரும் தடுக்க முடியாது.

நானே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன், கண்ணைப் பார்த்தேன், ரஜிஷா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் பெயரைச் சொன்னேன், நடந்ததற்கு வருந்துகிறேன் என்றேன், அது உங்கள் தப்பில்லை என்றேன். விரும்பினால் குழந்தையைப் பார்க்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், யாரும் அவசரப்படுத்த மாட்டோம் என்றேன்.

"எல்லாரும் வேண்டாம்னு சொல்றாங்க," என்றாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ரஜிஷா என்று கேட்டேன். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லையாம். மறுபடி கேட்டேன். "வேண்டாம் ஸிஸ்டர். எடுத்துட்டுப் போகட்டும்," என்றாள். நான் கற்றுக்கொடுத்த பாடத்தில் ஒரு வரி விடாமல் செய்துவிட்டு வெளியே வந்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நியாயமாகக் கேட்டாயிற்று என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, அந்த ஆறுதலை நினைத்தால் இப்போது எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துச் சின்ன அறையில் ஜிஸ்மி குழந்தையைத் துடைத்து, மஞ்சள் தொப்பி போட்டு, வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். இங்க பாரு, கைய நீட்டு, அவ்வளவுதான் முடிஞ்சுது என்று அதனிடமும் பேசிக்கொண்டிருந்தாள். ரஜிஷாவுக்குத் துணி மாற்றி உதிரப்போக்குப் பார்க்க வேண்டிய நேரம். மாடியில் அன்றைக்கு இரண்டு பிரசவம் சேர்ந்தாற்போல் நடந்துகொண்டிருந்தது, வேறு ஆள் இல்லை. வேலையை மட்டும் பார்த்துவிட்டு வா, வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பினேன். நம்பிக்கை இல்லாமல் வாசல் திரைக்கு வெளியிலேயே நின்றேன்.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க."

தலையில் அடித்துக்கொண்டேன். உள்ளே ரஜிஷாவின் குரல் கேட்டது.

"யாரோட அம்மா?"

திரையைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே போயிருக்க வேண்டும். கை திரையில்தான் இருந்தது. போகவில்லை.

"மோளோட அம்மா," என்றாள் ஜிஸ்மி. ரொம்ப மெதுவாக.

"பொண்ணா?"

"ஆமா. யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. ஒரு வீடும் ஒரு ஆஸ்பத்திரியும் சேர்ந்து காப்பாற்றி வைத்திருந்த ரகசியம் அது. ரஜிஷா நிமிர்ந்து உட்கார முயன்றிருக்க வேண்டும், கட்டில் கிறீச்சிட்டது. யார் மாதிரி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"நெத்தி உங்களோடது. மூக்கும் வாயும் யாருதுன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ரஜிஷா அழுதாள். ராத்திரி முழுக்க வலியில்கூட வாயைத் திறக்காதவள் வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்கு நடுவில், கொண்டு வா, எங்கிட்ட கொண்டு வா என்று இரண்டு தடவை சொன்னது வராந்தா வரைக்கும் கேட்டது. ஜிஸ்மி திரையை விலக்கி வெளியே வந்து என்னைக் கண்டதும் வெளிறிப்போனாள்.

"டீச்சர், மறுபடியும்..."

"போ. போய்ப் புள்ளய எடுத்துட்டு வா," என்றேன்.

எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் சுரேந்திரன் வந்து கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு கையில் சீட்டு. மடித்துக் கட்டின வேட்டி முழுக்கச் செம்மண், நகக்கண்ணிலும் செம்மண். குழியை ஆள் வைத்து வெட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கெட்ட மனுஷன் இல்லை.

"காட்டக் கூடாதுன்னு அவ்வளவு தூரம் சொன்னமே டீச்சர். நாளைக்கு அவ வீட்டுல உக்காந்து அழுதழுது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா, நீங்களா வந்து பாப்பீங்க?"

அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் உண்டு. வீட்டாரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு பாடமே எழுதியிருக்கிறேன். இந்த நாட்டு ஆய்வு, அந்த நாட்டு ஆய்வு எல்லாம் விரல் நுனியில். வாயில் வந்தது வேறு.

"கொழந்தையோட அம்மா கேக்கறாங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதிலேயே விழுந்தது. சுரேந்திரன் என்னைப் பார்த்தார், ஜிஸ்மியின் கையில் இருந்த துணியைப் பார்த்தார். அவர் விலகவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உள்ளே ரஜிஷாவின் அழுகை நின்றிருந்தது, காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

வராந்தாக் கோடியிலிருந்து பிஜீஷ் வந்தான். காலையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பாதவன் நேரே ஜிஸ்மிக்கு முன்னால் வந்து நின்றான். மஞ்சள் தொப்பிக்குக் கீழே அந்த முகத்தை ஒருமுறை பார்த்தான். பெரியவர்களைக் கண்டால் மரியாதைக்குச் செய்வது போல, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை தழைய விட்டான். ஜிஸ்மி உள்ளே நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். திரை ஆடி நின்றது. சுரேந்திரன் கதவோரம் அப்படியே நின்றிருந்தார், சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார், கொஞ்ச நேரம் கழித்து அவருடைய கையும் வேட்டி மடிப்பைத் தேடிக் கீழே போயிற்று.