மூன்றாவது பாட்டுக்குப் பிறகு

சரக்கு ரயில் ஓட்டுகிறவருக்குப் பண்டிகையாவது ஒன்றாவது. சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். "ராத்திரி பூசைக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போயிடு. அவங்க அம்மா இருந்தவரைக்கும் ஒரு கிறிஸ்துமஸ் விட்டதில்ல. எப்படி என்னன்னு பெரியவளக் கேளு" என்று ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார். சொல்ல அவருக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று.

கேட்டுக்கொண்டு நின்றவள் அவருடைய இரண்டாம் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிற வேலை. சர்ச்சுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கல்யாணம்கூடப் பதிவு அலுவலகத்தில்தான். பிள்ளைகள் இன்னும் அவளை எந்த உறவு சொல்லியும் கூப்பிடவில்லை, "இங்க பாருங்க" என்பதோடு சரி. இந்த ஒரு ராத்திரியை அவர்களுடைய அம்மா செய்த மாதிரியே குறையில்லாமல் நடத்திவிட்டால் தன்னை வீட்டு ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினாள். நம்பிக்கை என்ன, ஆசைதான்.

கடையில் டாக்டர் எழுதிய சீட்டுப்படி தேய்க்க வேண்டும். பவர் கொஞ்சம் கூடினாலும் தலைவலி என்று ஆள் திரும்பி வந்துவிடுவார். அதனால் எதையும் எழுதி வைத்துக்கொண்டு அட்சரம் பிசகாமல் செய்வது அவளுக்குப் பழக்கம். ஒன்பது வயதுப் பெரியவளை உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினாள். இடது பக்கம் நாலாவது பெஞ்சு, நடை ஓரம். ஐந்து வயதுத் தம்பி சுண்டுவுக்கு ஸ்வெட்டருக்குள் இரண்டு சட்டை. வராது, வராது என்றாலும் கிளம்புமுன் அவனைப் பாத்ரூமுக்குத் தள்ள வேண்டும். பிளாஸ்கில் பால், அதை இரண்டாவது பாட்டு பாடும்போதுதான் கொடுக்கலாம், முன்னாடி கூடாது. சீட்டில் பதினோரு வரி ஆயிற்று. பெரியவள் வாங்கிப் படித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்குப் போனால் நாலாவது பெஞ்சில் ஒரு வயதான தம்பதி. முதலாளியிடம் லீவு கேட்கவே நாலு நாள் யோசிக்கிறவள் அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் பின்னாடி பெஞ்சுல உக்கார முடியுமா? இந்தப் பிள்ளைங்க எப்பவும் இங்கதான் உக்காருவாங்க."

"ஏம்மா, இங்க உக்காந்தாதான் கடவுளுக்குக் கேக்குமா?" என்று முனகிக்கொண்டே பெரியவர் எழுந்தார். அவர் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

பூசை ஆரம்பித்தது. எல்லாரும் எழுந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்தபோது எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுண்டு பின்பெஞ்சுக்குத் திரும்பி, "இவங்க புதுசு" என்று விளக்கம் கொடுத்தான். பெரியவள் தரையைப் பார்த்துக்கொண்டாள்.

முதல் பாட்டு முடிந்தது. பிறகு பாதிரியார் ராகமாக ஏதோ சொல்ல, கூட்டமும் ராகமாகத் திருப்பிச் சொன்னது. இதோ இரண்டாவது பாட்டு என்று அவள் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் பாலை ஊற்றிச் சுண்டுவிடம் நீட்டினாள்.

"ஐயோ, இது பாட்டே இல்ல. வெறும் பதில்" என்றாள் பெரியவள்.

சுண்டுவின் உதடுவரை போன மூடியை, நீட்டியவளே வெடுக்கென்று பிடுங்கினாள். யோசித்துச் செய்ததல்ல. சீட்டில் அப்படித்தான் இருந்தது. சுண்டு போட்ட கூச்சலில் பாதிரியார் படித்துக்கொண்டிருந்த வரியைத் தவறவிட்டு விரலால் தேடினார். சர்ச்சில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பின்பெஞ்சுப் பெரியவருக்கு அதில் கொஞ்சம் திருப்திகூட இருந்திருக்கலாம்.

"அம்மாகிட்ட அவன் அழமாட்டான்" என்றாள் பெரியவள், பொதுவாக.

கேட்டவளுக்குச் சுருக்கென்றது. முகம்கூடப் பார்த்திராத ஒருத்தி மேல் கோபம் வந்தது. செத்துப்போனவளிடம் கோபப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வந்தது. ஒரு தப்பாவது செய்து வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? சீட்டாவது கீட்டாவது என்று பாலைச் சுண்டுவிடமே கொடுத்தாள். அவன் விசும்பிக்கொண்டே குடித்து முடித்து, அவள் மடியில் சரிந்து தூங்கிப்போனான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் பெரியவள் எழுந்து ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டாள். தம்பியின் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"இல்ல. நாம கிளம்பணும்."

"சீட்டுல அப்படி இல்லயே?"

"கிளம்புறதயெல்லாமா எழுதுவாங்க? எல்லா வருஷமும் இந்நேரம் இவன் கத்த ஆரம்பிச்சிடுவான். அம்மா தூக்கிட்டு வெளிய ஓடிடுவாங்க."

"அழமாட்டான்னு சொன்னியே?"

பெரியவள் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "அழுவான்" என்றாள். பிறகு, "ஒரு தடவ அம்மாவும் வெளிய நின்னு அழுதாங்க. ஒரு பூசைகூட முழுசா பாக்க முடியலன்னு" என்றாள்.

செத்துப்போனவள் மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சர்ச் வாசலில் நிற்கிற ஒரு பெண்ணை முதல் தடவையாக அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. மடியில் சுண்டு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இவன் இப்ப கத்தலயே. உக்காரு."

பெரியவள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள்.

விளக்குகள் அணைந்தன. முன்வரிசையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆட்கள் அதை ஏந்திக்கொண்டு நடைக்கு வந்து வரிசையில் நகர்ந்தார்கள். இரண்டாவது பெஞ்சு காலியாயிற்று. மூன்றாவது எழுந்தது. அடுத்தது இவர்கள்தான்.

"எங்க போறாங்க?" என்று பெரியவள் கிசுகிசுத்தாள்.

"உனக்குத் தெரியாதா?"

"நான் இதெல்லாம் பாத்ததே இல்ல."

இருட்டில் பெரியவள் நகர்ந்து நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள். பிறகு, அந்த ஐந்து மாதத்தில் செய்யாத ஒன்றாக, முகத்தை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தாள்.

"இப்ப என்ன பண்ணணும்? நீங்க சொல்லுங்க."