மன்னி எழுதிய நோட்டீஸ்

"மன்னி, கார் கிளம்பற வரைக்கும் வெளில வந்துடாதேங்கோ" என்று சொல்லி மாதுரி சமையலறைக் கதவைச் சாத்தினாள். சாத்தியதோடு விட்டாளா? வெளிப்பக்கம் தாழ்ப்பாளையும் போட்டாள்.

வாசலில் அவள் கணவன் பராசரன் வேட்புமனு தாக்கல் செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டமன்றத் தேர்தல். மேளம், மாலை, கட்சிக்காரர்கள் என்று ஸ்ரீரங்கம் உத்தர வீதியே அடைத்துக் கிடந்தது. உள்ளே சத்யபாமா, அவர்கள் திரும்பி வந்து சாப்பிடுவதற்காகச் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். அவள் பராசரனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் அனந்தபத்மநாபன் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் அவள் கண்ணில் படக் கூடாது.

இந்தக் காலத்தில் இதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். ராகுகாலத்தைச் செல்போனில் பார்ப்பார்கள். மன்னி எதிரே வருகிறாளா என்று கண்ணால் பார்ப்பார்கள்.

சாயங்காலம் பராசரன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினான்.

"மெயின் கார்டு கேட்ல வாக்காளர் மன்றம்னு ஒண்ணு இருக்காம் மன்னி. கல்வியைப் பத்தி என் கொள்கை என்னன்னு கேட்டு லெட்டர் போட்டிருக்கா. பெண் கல்வி, அது இதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கோ. அதையே நோட்டீஸா அடிச்சு வீட்டுக்கு வீடு போட்டுடலாம்."

"உங்க கொள்கை என்ன?"

"என்னத்தையாவது எழுதுங்கோ. நீங்கதானே படிச்சவா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

படித்தவள்தான். கணிதத்தில் எம்.எஸ்சி., அதன்மேல் பி.எட். கணவன் போன கையோடு, "நான் எங்கேயாவது டீச்சர் வேலைக்குப் போறேனே" என்று கேட்டதற்கு இதே பராசரன், "வருஷம்கூடத் திரும்பலை, அதுக்குள்ள மன்னி வேலைக்குப் போனா ஊர் காறித் துப்பாதா?" என்றான். சர்டிபிகேட்டுகளைப் பாங்க் லாக்கரில் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டான். அடுத்த வருஷமே திருவானைக்கோவிலில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தான். அனந்தபத்மநாபன் நினைவு மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. அண்ணன் பெயர் பலகையில் ஏறியது. அண்ணன் மனைவியைத் திறப்பு விழாவுக்குக்கூடக் கூப்பிடவில்லை. நல்ல காரியமாயிற்றே!

கணக்கு படித்தவளுக்கு வழி போடாமல் விடை எழுத வராது. கடிதத்தை முழுக்கப் படித்தாள். கடைசி வரியில், "உங்களைப் பற்றிப் பொது ஆவணங்களிலிருந்து நாங்கள் திரட்டியவற்றை எங்கள் அலுவலகத்தில் வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தது. பராசரன் அவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டான். மறுநாள் தாயார் சன்னிதிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சத்யபாமா ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டி மெயின் கார்டு கேட்டில் இறங்கினாள்.

மன்றம் என்பது ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்கட்டு. கடைக்காரர் பரக்கத் அலிதான் செயலாளர். வேட்பாளர் வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் முகம் கொஞ்சம் இறுகியது. ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. எல்லாம் கவர்மென்ட் பேப்பர்தான். தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கினது. இதைத்தான் புத்தகமாப் போட்டு ஓட்டுப் போடறவங்களுக்குக் குடுக்கப் போறோம். நாங்களா ஒரு எழுத்து சேர்க்கல."

முதலில் மாநகராட்சிக் கூட்டக் குறிப்பு. பராசரன் கவுன்சிலராக இருந்தபோது மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ தொடங்கத் தீர்மானம் வந்திருக்கிறது. ஆட்சேபித்த ஒரே ஆள் பராசரன். காரணம், அருகிலேயே நல்ல தனியார் பள்ளி இருக்கிறதாம். அந்த நல்ல தனியார் பள்ளி யாருடையது என்று குறிப்பில் இல்லை.

அடுத்தது அவன் பள்ளியின் அங்கீகாரக் கோப்பு. அதைத் திறந்தவள் முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

தலைமையாசிரியை: அ. சத்யபாமா, எம்.எஸ்சி., பி.எட். பதினோரு வருஷமாக. பக்கத்தில் அவள் போட்டோ. கல்யாணமான புதிதில் எடுத்தது, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கீழே ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து. அவள் பிறந்ததிலிருந்து ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

"இந்த ஹெச்.எம். அம்மாவை மட்டும் பார்க்கவே முடியலங்க" என்றார் பரக்கத் அலி. "மூணு தடவை போனேன். லீவு, லீவு, லீவு. என் பேத்தி அல்ஷிஃபாவுக்கு இலவச சீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். எங்க வூடு ஸ்கூலுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான். தூரம் ஜாஸ்தின்னு இந்தம்மா கையெழுத்துப் போட்டுத் திருப்பிட்டாங்க. அல்லா, ஒரு பொம்பளைக்கு இவ்வளவு கல்மனசா இருக்கும்னு என் வூட்டுக்காரி சொல்லாத நாளில்ல."

அந்தக் காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். சத்யபாமாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையில் பூட்டி வைத்தார்கள், பொறுத்துக்கொண்டாள். படித்த படிப்பைத் திருடியிருக்கிறார்கள். அதுவும் போகட்டும். அவள் பெயரில் ஒரு குழந்தையை வாசலிலிருந்து விரட்டியிருக்கிறார்களே, பாவிகள்!

"அந்தம்மா நான்தான்" என்றாள்.

பரக்கத் அலி கோப்பிலிருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொல்லி முடித்ததும் கொதித்துப்போனார்.

"ஒரு புகார் எழுதிக் குடுங்கம்மா. மனுஷன் கம்பி எண்ணுவான்!"

"எண்ணுவார். ஸ்கூலை மூடிடுவா. படிக்கற குழந்தைகள் தெருவுல நிக்கும். நான் மறுபடி அடுப்படிக்குப் போகணும். எனக்கு அது போறாது பாய். கவுன்சில் குறிப்பை உங்க புத்தகத்துல தாராளமாப் போடுங்கோ. என் பேரை மட்டும் நாலு நாளைக்கு என்கிட்ட விட்டுடுங்கோ."

அன்று மத்தியானமே நோட்டீஸ் எழுத உட்கார்ந்தாள். பெண் கல்வியைப் பற்றி நீட்டி முழக்கி ஒரு பக்கம் எழுதினாள். அடுத்த பக்கத்தில் இப்படி எழுதினாள்:

"நான் வாய்ப்பேச்சுக்காரன் அல்ல. என் அண்ணன் மறைந்தபின் என் மன்னி திருமதி சத்யபாமாவை மூலையில் உட்கார வைக்காமல், எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை ஆக்கினேன். பதினோரு ஆண்டுகளாக அப்பள்ளியை நிர்வகிப்பவர் அவரே. ஏழைக் குழந்தைகளுக்கான இலவச இடங்களை முழுமையாக வழங்க அவருக்கு முழு அதிகாரம் அளித்துள்ளேன்."

பராசரன் ராத்திரி பிரசாரம் முடித்து வந்தான். முதல் நாலு வரியைப் பார்த்தான். "பிரமாதம் மன்னி!" என்று அடியில் கையெழுத்தைப் போட்டு நீட்டிவிட்டு, சாப்பாடு என்ன என்று கேட்டான். பதினோரு வருஷம் அவள் கையெழுத்தை யாரோ போட்டார்கள். இப்போது அவள் எழுத்துக்கு அவன் கையெழுத்து. அதைப் பத்திரமாக மடித்து, அரியமங்கலத்தில் கட்சி நோட்டீஸ்கள் அடிக்கும் விக்டரின் அச்சகத்துக்குத் தானே அனுப்பி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் பூராவும் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை. வாசலில் பிரசார ஜீப். கட்சிக்காரர்கள் முப்பது பேர், கேமராவோடு இரண்டு நிருபர்கள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் பாக்கி. பராசரன் செருப்பில் காலை நுழைக்கும்போது உள்ளேயிருந்து சத்யபாமா வந்தாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் கைப்பை, நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு.

"ஐயோ மன்னி! அவர் கிளம்பறார், உள்ள போங்கோ!" மாதுரி பதறினாள்.

"நானும்தான் கிளம்பறேன்."

"எங்க?"

"ஸ்கூலுக்கு. இன்னிக்குத் திங்கட்கிழமையாச்சே."

பராசரன் பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வந்தான். "என்ன விளையாட்டு இது? உள்ள போங்கோ" என்று அடிக்குரலில் உறுமினான்.

அதற்குள் வட்டச் செயலாளர் கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்துவிட்டார். "ஹெச்.எம். அம்மாங்களா? நோட்டீஸ்ல படிச்சோம்மா. எங்க வூட்டுப் பொம்பளைங்க கண்ணுல தண்ணி வச்சுட்டாங்க. அண்ணே, அம்மாவோட ஒரு போட்டோ எடுத்துக்கங்கண்ணே!"

"நோட்டீஸ்லயா?" என்றான் பராசரன். யாரோ ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தைப் படிக்கப் படிக்க அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. கீழே அவன் கையெழுத்து, பளிச்சென்று.

சத்யபாமா அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இல்லைன்னு சொல்லுங்கோ. நான் ஹெச்.எம். இல்லைன்னு இவா எல்லார் முன்னாடியும் சொல்லுங்கோ. அப்போ கோப்புல இருக்கற கையெழுத்து யாருதுன்னு கேப்பா. அதையும் சொல்லிடுங்கோ."

அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? கேமராவுக்கு முன்னால் கையைக் குவித்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தான். அவள் படியிறங்கி, மேளக்காரர்களைத் தாண்டி, ஜீப்புக்குக் குறுக்கே நடந்து போனாள். வேட்பாளர் கிளம்பும்போது முதல் ஆளாக எதிரே வந்தவள் அவள்தான். நன்றாக வேண்டுமென்றேதான் வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கிளார்க் அற்புதசாமி எழுந்து நின்றவர், உட்காரத் தெரியாமல் நின்றார். தலைமையாசிரியை அறையின் சாவியைத் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளே நாற்காலியில் தூசி மண்டிக் கிடந்தது. அவள் முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அல்ஷிஃபான்னு ஒரு குழந்தையோட மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கோம். அதை எடுத்துண்டு வாங்கோ. சேர்த்துக்கறோம்னு அவா தாத்தாவுக்கு இப்பவே போன் பண்ணுங்கோ. அப்புறம் வருகைப் பதிவேடு."

அற்புதசாமி பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைய கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. கரஸ்பாண்டன்ட் பராசரன் சார் சொல்லித்தான்... காலையில வந்ததும் பழக்கத்துல போட்டுட்டேன்."

அவள் அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில் தன் பெயரை எழுதினாள். பிறகு பழைய பக்கங்களைப் புரட்டினாள். ஒரு கட்டம் காலியில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத தலைமையாசிரியை, அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தாள்.