இடப்பக்க மூலைகள்

1

இந்தக் கதை நான் விழுந்த இடத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நீங்களே கண்டுபிடித்துச் சிரிப்பீர்கள்.

நோர்வேயில் இத்தனை வருஷம் குடியிருந்தும் செங்குத்துச் சரிவில் பனிச்சறுக்குப் பலகையோடு மேலே ஏறுவது எனக்குச் சரிவரவில்லை. நேரே ஏற முடியாது. குறுக்கே இடமாகப் போய், திரும்பி, குறுக்கே வலமாகப் போய், இப்படித்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு மூலையிலும், காலில் பூட்டிய ஆளுயரப் பலகைகள் இரண்டையும் மறுதிசைக்குத் திருப்ப வேண்டும். முதலில் மலைப்பக்கத்துக் காலைத் தூக்கிச் சுழற்றி வைக்க வேண்டும். அப்போது ஒரு பாதம் ஒரு பக்கம் பார்க்கும், மற்றது எதிர்ப்பக்கம் பார்க்கும். பிறகு பள்ளப்பக்கத்துக் காலை முழங்காலில் நன்றாக மடக்கிக் குதிகாலால் பின்னுக்கு ஓர் உதை. பலகையின் முன்நுனி துள்ளி எழும்பும். எழும்பிய கையோடு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். போன ஈஸ்டருக்கு நானும் உதைத்தேன். நுனி எழும்பவில்லை. நான்தான் எழும்பினேன்.

முகம் முழுக்கப் பனியோடு கிடந்தபோது மேலேயிருந்து ஓஸ்லௌக் கூப்பிட்டாள். வேலையிடத்துத் தோழி. நாற்பது வயதுக்கு மேல் எனக்குச் சறுக்கப் பழக்கியே தீருவேன் என்று நிற்கிறவள்.

"என்ன, அதிலை வீடு கட்டப் போறியே?"

"கால் சிக்கிப் போச்சு."

"சிக்கினது கால் இல்லை, நீ. இஞ்சை பார், உனக்குப் பக்கத்திலை ஆரோ மிதிச்சு மட்டமாக்கி வைச்சிருக்கு. அதிலை ஏறி எழும்பு."

பார்த்தேன். மூலையில் ஒரு கட்டில் அளவு இடம் தட்டையாக மிதிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே இருந்த மூலையில் ஒன்றுமில்லை. அதற்கும் மேலே மறுபடி தட்டையான இடம். மலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்க மூலைகளில் மட்டும்.

"ஆரோ ஒராளின்ரை காலுக்கெண்டு செய்த வேலை," என்றாள் ஓஸ்லௌக்.

"ஆற்றை காலுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எழும்பு, குளிருது."

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை. மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

முதல் வரிக்குப் பட்ட பாடு:

"அன்று காலை இங்குன் மலையைப் பார்த்தாள், மலையும் அவளைப்—"

மலை யாரையும் பார்ப்பதில்லை. அடித்தாயிற்று.

"திருமணம் என்பதும் ஒரு சரிவுதான், அதில் இருவர்—"

என் கையை நானே தட்டிவிட்டேன். இப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கே எரிச்சல் வரும்.

"இங்குனுக்கு இடது முழங்கால் மடங்காது."

இது நிற்கட்டும்.

கொஞ்சம் மடங்கும், பாதிக்கு வராது. ஐம்பத்தேழு வயது. பால் லொறி ஓட்டியவள்: மலைகளுக்கிடையே நீளும் கடற்கழியான ஃபியோர்டின் இரு கரைப் பண்ணைகளுக்கும் போய்ப் பாலை உறிஞ்சி ஆலைக்குக் கொண்டுபோகும் பெரிய தாங்கி லொறி. ஒரு டிசம்பரில், உறைந்து கிடந்த பண்ணை முற்றத்தில் லொறிப் படியிலிருந்து வழுக்கினாள். தகடு வைத்து ஆணி இறுக்கினார்கள். அந்தக் கால் நிற்கும், நடக்கும், பாரம் தாங்கும். ஆனால் இடப்பக்க மூலையில் கடைசியாக உதைத்து இழுக்க வேண்டிய கால் அதுதான். அது மட்டும் முடியாது.

புருஷன் ஹால்வார் ஆடு வளர்க்கிறவன், தச்சுவேலையும் தெரியும். அவர்களுக்கு மலைமேல் ஒரு மரக்குடில். விபத்துக்குப் பிறகு அங்கே ஏறும்போதெல்லாம் அவன் முன்னே போய் இடப்பக்க மூலைகளை மிதித்து மட்டமாக்கினான். அவள் வந்து, உதைக்காமல், சின்னச் சின்ன எட்டாக வைத்துத் திரும்பிக்கொள்ளலாம்.

[நல்ல மனிதனாக இருக்கிறானே என்கிறீர்கள். என் தலையிடியும் அதுதான்.]

3

முதல் பிரதியில் ஹால்வாரைக் குடிகாரனாக்கினேன். அவன் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பியர் எடுப்பான், அதிலும் பாதியை ஊற்றிவிடுவான். பிறகு கை நீட்டுகிறவனாக்கிப் பார்த்தேன். அந்தக் கை பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தது, அவளுடைய பாணுக்கு. பழுப்புச் சீஸை அவளுக்குப் பிடித்தபடி மெல்லியதாகச் சீவி மேலே வைத்தது. கெட்டவன் ஒருவன் கிடைத்திருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

ஆகவே அவன் செய்ததை அப்படியே வைக்கிறேன். அடுத்த வருஷ மாரிக்குளிரில், அவளுக்குக் கால் நன்றாக ஆறி, ஆலைக்காரர் "எப்ப வாறாய்?" என்று கேட்டிருந்த வாரம், ஹால்வார் தானாகவே அவர்களுக்குப் போன் எடுத்தான்.

(இருவரையும் 'நீ' என்றே பேச விடுகிறேன். இங்கே மந்திரிக்கும் 'நீ'தான்.)

"நீ அவங்களுக்கு என்ன சொன்னனீ?"

"நீ இனி லொறிக்கு வரமாட்டாய் எண்டு."

"ஆர் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அந்தப் படியாலை ஏறி இறங்க உனக்கு ஏலாது. நான் பாக்கிறன்தானே."

"எனக்கு ஏலாதெண்டு நான் சொன்னனானே?"

"நீ சொல்லமாட்டாய். அதுதான் நான் சொன்னனான்."

"அந்த லொறிக்கு இடது காலாலை ஒரு வேலையும் இல்லை, ஹால்வார். கிளச்சே இல்லை. அது உனக்குத் தெரியும்."

ஹால்வார் சீஸ் வைத்த பாணை அவள் பக்கம் தள்ளினான்.

"கேட்டிருக்கலாம். ஒருக்கா. 'இங்குன், சொல்லட்டோ?' எண்டு."

"கேட்டா நீ வேண்டாமெண்டிருப்பாய்."

"ஓம். அதுக்குத்தான் கேக்கிறது."

அவள் அந்தப் பாணைத் தொடவில்லை. லொறி வேறொருவன் கைக்குப் போய்விட்டது. அந்த மாரி முடியுமுன் இங்குன் பட்டினத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனாள். இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள்.

ஹால்வாரின் பக்கமும் நின்று பார்த்தேன். பண்ணை முற்றத்தில் அவளைத் தூக்குக் கட்டிலில் கிடத்தித் தூக்கியபோது, செய்தி கேட்டு ஓடிவந்த அவன் பக்கத்தில் நின்றான். கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்ததைப் பார்த்தான். அன்றைக்குப் பிடித்த பயம் அவனை விடவில்லை. பயந்தவன் கேள்வி கேட்கமாட்டான். கேட்டால் பதில் வந்துவிடுமே. இதை அவன் அவளுக்குச் சொல்லியிருந்தால், பாவி, பாதிக் கதை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

4

மறுவருஷ ஈஸ்டருக்கு முன் அவனிடமிருந்து இங்குனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'பண்டிகைக்கு நான் மேலை இருப்பன்.' வாவென்றும் இல்லை, வருவாயா என்றும் இல்லை. அவள் பதில் போடவில்லை.

ஆனால் பெரிய வெள்ளியன்று பைக்குள் இரண்டு தோடம்பழமும் கோப்பியும் வைத்துக்கொண்டு சரிவின் அடிக்கு வந்து நின்றாள். ஏன் வந்தாள்? அவன்மேல் இன்னும் ஆசை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் அவனோடு மறுபடி ஒரு கூரைக்குக் கீழே இருப்பதானால், அந்தக் கதவுவரை தன் காலால், தன் வழியில் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தாள். அதற்காக இந்த மாரி முழுக்கப் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னாலிருந்த பனிமேட்டில் இன்னொரு திருப்பத்தைப் பழகியிருந்தாள்.

அது பழைய முறை. மலைக்கு முதுகைக் கொடுத்துப் பள்ளத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கையிலுள்ள சறுக்குக் கோல் இரண்டையும் பின்னே ஊன்ற வேண்டும். பள்ளப்பக்கத்துக் காலை இடுப்பிலிருந்து நேராக வீசி உயர்த்தி, பலகையின் வாலைப் பனியில் குத்தி, அதை அப்படியே சுழற்றி எதிர்த்திசையில் படுக்க வைக்க வேண்டும். பிறகு மற்றக் காலைத் தூக்கி அதன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். வீசுகிற காலுக்கு முழங்கால் மடிய வேண்டியதே இல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் வெறும் பள்ளம்தான். அதனால்தான் இளசுகள் இதைப் பழகுவதில்லை.

நிமிர்ந்து சரிவைப் பார்த்தாள். தனி ஒருவரின் தடம் குறுக்கும் மறுக்குமாக ஏறிப் போயிருந்தது. இடப்பக்க மூலைகளில் தட்டையாக மிதித்த இடங்கள்.

[வேறு பெண் ஒருத்திக்காக இருக்குமோ என்று எனக்கு ஓர் ஆசை வந்தது, கதை சூடுபிடிக்கும். ஆனால் இடது முழங்கால் மடங்காத இன்னொருத்தியை ஹால்வார் எங்கே போய்த் தேடுவான்? அவனுக்கே கால் முறிந்திருக்குமோ? தடம் இரண்டு காலாலும் சீராகப் போயிருந்தது. இல்லை.]

முந்தின இரவு பனி கொட்டியிருந்தது. மிதித்த இடங்களில் புதுப்பனி இல்லை. அப்படியானால் இன்று காலை மிதித்தது. நேற்றும் மிதித்திருப்பான். அவள் வருவாள் என்று ஒரு வார்த்தை தெரியாமலே, பனி விழ விழ இறங்கி வந்து மிதித்திருக்கிறான்.

அந்த மட்டங்களை ஒவ்வொன்றாக ஆசையோடு எண்ணினாள். அதே மூச்சில் ஆத்திரமும் பொங்கிக்கொண்டு வந்தது.

"விசரன்," என்றாள் சத்தமாக. "திரும்பவும் கேக்காமல் செய்து வைச்சிருக்கிறான்."

அவன் தடத்தை விட்டு விலகித் தன் தடத்தைப் போட்டாள். முதல் இடப்பக்க மூலையில், அவன் மட்டமாக்கிய இடத்தைத் தாண்டி நின்று, பள்ளத்துக்கு முகம் கொடுத்துக் காலை வீசினாள். திரும்பிவிட்டாள். அடுத்ததிலும் திரும்பினாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனால் சந்தோஷம்.

5

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். எழுத முடியவில்லை. மூன்று முடிவு கையில் இருந்தது.

அ. பனிச்சரிவு. ஒரே வரியில் இருவரையும் கொண்டு போகலாம், கண்ணீரும் உறுதி. மலைமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பிக்கிற வேலை. வெட்கமாக இருந்தது.

ஆ. மேலே போகிறாள், கோப்பி ஊற்றுகிறான், கட்டிப்பிடிக்கிறார்கள். என் மனைவி வாசித்துவிட்டு, "பாவங்களப்பா, சேத்து வைச்சு விடுங்கோவன்," என்றாள். சேர்த்து வைத்தேன். மறுநாள் காலை ஹால்வார் அவளைக் கேட்காமல் அவள் சப்பாத்தை நெருப்பருகே காய வைப்பதைக் கண்டேன். கிழித்தேன்.

இ. அவள் திரும்பிக் கீழே போய்விடுகிறாள். இது ஓஸ்லௌக்கின் யோசனை. "போகட்டும். கோப்பி கீழையும் கிடைக்கும்." ஆனால் தான் பழகிய திருப்பத்தைப் பாதியில் விட்டுப் போகிறவள் இல்லை இங்குன்.

ஆகவே அவளோடு மேலும் ஏறுகிறேன்.

6

குடிலுக்குச் சற்றுக் கீழே கடைசி இடப்பக்க மூலை. காற்று அறைந்து அறைந்து அங்கே பனியின் மேலோடு இறுகிப் போயிருந்தது. சரிவும் அதிகம். மட்டமாக்கிய இடம் பக்கத்திலேயே இருந்தது. இங்குன் அதைத் தாண்டிப் போய் நின்றாள்.

மலைக்கு முதுகைக் கொடுத்தாள். கோல்களைப் பின்னே ஊன்றினாள். இடது காலை வீசினாள், சுழற்றினாள், வைத்தாள். பாரத்தை அதன்மேல் மாற்றினாள். இனி வலது காலைச் சேர்த்தால் முடிந்தது. தூக்கினாள். பலகையின் வால் இறுகிய மேலோட்டில் குத்திக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் சமநிலை போய்விடும். கீழே பிர்ச் மரங்கள் தீக்குச்சி அளவில் தெரிந்தன. இடது தொடை நடுங்கத் தொடங்கியது.

முதுகுக்குப் பின்னால், மேலே, கதவு திறந்தது.

அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. கேட்க மட்டும் முடியும். பனியில் ஓடி இறங்கும் காலடிகள், வேகமாக. அவளுக்குத் தெரியும், வந்துவிடுவான். வந்து இடுப்பைப் பிடிப்பான், பலகையைப் பிடுங்கி எடுப்பான், ஒரு சொல் பேசமாட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலடிகள் நின்றன.

மேலே ஒருவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"இங்குன்."

அவள் கோல்களை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.

"வரட்டோ?"

குரல் உடைந்திருந்தது. அவனோடு வாழ்ந்த அத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவன் முகம் எப்படி இருந்தது என்று நான் சுற்றிப் போய்ப் பார்க்கலாம். எழுதுகிறவனுக்கு வழி இருக்கிறது. போகவில்லை. அவளுக்குத் தெரியாத முகம் எனக்கு எதற்கு?

அவள் பதிலை எழுதினேன். 'ஓம்' என்று எழுதி அடித்தேன். 'வேண்டாம்' என்று எழுதினேன். அப்படிச் சொன்னால் அவன் அங்கேயே நிற்பான், அவள் விழுந்தாலும் நிற்பான் என்று தெரிந்ததும் அதையும் அடித்தேன். 'பொறு' என்று எழுதினேன். அதற்கு அவள் கால் இடம் கொடுக்கவில்லை.

பதிலை உங்களிடம் விடுகிறேன். அவன் கேட்டுவிட்டான், அவள்தான் சொல்ல வேண்டும், அவளுக்கு வாய் நீங்கள்தான். ஆறுதலாக யோசித்துச் சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அவளுடைய முழுப் பாரமும் அந்த இடது காலில் நிற்கிறது.