உருளைக்கிழங்கு வயலில் சால்மன் குஞ்சுகள்

டார்லீனுக்குப் பழி வாங்க வேண்டும். அதுவும் ஹெண்ட்ரிக் சர்ச்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வாங்கிவிட வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கரையில் இருந்த மதகுக் கதவை அவன் இரும்புப் பட்டை போட்டு அடைத்துவிட்டான். கழிமுகத்து உப்பு நீர் அவனுடைய உருளைக்கிழங்கு வயலுக்குள் வரக்கூடாதாம். அந்த வயலுக்கு நடுவே ஓடும் ஓடையில்தான் ஆற்றிலிருந்து இறங்கும் சால்மன் குஞ்சுகள் சில வாரம் தங்கும். பூச்சி தின்று கொழுத்து, உப்புக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். மதகு அடைபட்டபின் தங்க இடம் கிடைக்காமல் அவை விரல் நீளம்கூட வளராமலே கடலில் போய் விழுந்தன. வளர்ந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்ப வேண்டியவை, போனவை போனவைதான். இந்த வசந்தத்தில் முதல் மீன் விருந்துக்கு ஆற்றில் ஒன்றுகூட ஏறவில்லை. அந்த ஆற்றுப் பழங்குடிகளான டார்லீனின் சனங்கள் கடையில் வாங்கிய மீனைத் தேவதாருக் கிளையில் கிடத்திப் பாடினார்கள். வழக்கப்படி முள்ளை ஆற்றில் விட்டபோது ஹெண்ட்ரிக் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"என்ன டார்லீன், பில்லையும் சேர்த்து ஆத்துல விட்டியா?"

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அவளுக்கு அணையவே இல்லை.

ஞாயிறு காலை, நீர் வற்றியிருந்த நேரம் பார்த்துப் பட்டையைக் கழற்றினாள். கதவைச் சங்கிலியால் தூக்கிக் கட்டினாள். அன்றைக்குக் கடலில் பெரிய ஓதம், வழக்கத்தைவிட உயர்ந்த நீரேற்றம். பத்து மணிக்கெல்லாம் உப்பு நீர் ஓடையை நிரப்பி, பாத்தி பாத்தியாக ஏறியது. பார்க்கப் பார்க்க அவளுக்கு இனித்தது.

"குடி, நல்லாக் குடி" என்றாள் வயலைப் பார்த்து.

அப்போதுதான் பாத்திகளுக்கு நடுவே குஞ்சுகள் துள்ளுவதைக் கண்டாள். பதினோரு வருஷமாக வலை போட்டு இந்தக் குஞ்சுகளை எண்ணுவதுதான் அவள் உத்தியோகம். ஏறுகிற நீர் எங்கே போனாலும் அவை பின்னாலேயே போகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள். கோபம் அதை மறக்கடித்துவிட்டது. படித்த முட்டாள் என்றால் இவள்தான்.

ஹெண்ட்ரிக் கோட்டும் டையுமாக ஓடி வந்தான். சங்கிலியை அவிழ்த்துவிட்டதும் கதவு அறைந்து மூடியது. உடனே வயல் நீரை வெளியே இறைக்கும் பம்பை ஓடவிட்டான். கரைக்கு அந்தப் பக்கம் நீரோடு நசுங்கிய குஞ்சுகளும் விழுந்தன.

"பம்பை நிறுத்துடா! உள்ள குஞ்சு இருக்கு!"

"என் வயலுக்கு அதுங்களை யாரு கூப்பிட்டா?"

"உன் கால்ல விழறேன், ஹெண்ட்ரிக். கதவைத் திறந்து விடு. இறங்குற தண்ணியோட போயிடும்."

அவன் போனில் பதிவைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "யாரு திறந்தான்னு உன் வாயால சொல்லு. அப்புறம் நிறுத்தறேன்."

சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும். பம்பு இரைந்துகொண்டே இருந்தது.

"நான்தான். டார்லீன். வேணும்னேதான் திறந்தேன்."

அவன் சொன்ன சொல் தவறவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பம்பு நின்றது. ஓதம் திரும்பியதும் கதவையும் தூக்கினான். டார்லீன் மண்வெட்டியோடு இறங்கி, பாத்திகளை வெட்டி ஓடைக்கு வழி செய்தாள். மாலைவரை குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. எல்லாம் போகவில்லை. செத்துக் கிடந்தவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பாவத்தில் பாதி தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும்.

"திருப்தியா? நாளையிலேர்ந்து உன் வேலைக்கு வேற ஆளு" என்றான் அவன்.

அவள் ஈர மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

"உப்பு நல்லா ஊறியிருக்கு, ஹெண்ட்ரிக். ரெண்டு மழைக்காலம் போனாலும் கழுவிப் போகாது. இனிமே இங்க குஞ்சுதான் வளரும், கிழங்கு வளராது."

அவன் குனிந்து தானும் ஒரு கிள்ளு எடுத்து வாயில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குக் கிளம்பினாள்.